முகாமில் வளர்ந்தவர் இந்தியக் குடிமகனா?

கேள்வி: என் பெற்றோர் 1984-ல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். நான் 1986 நவம்பரில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிறந்தேன். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. தம்பி 1989-ல் அதே மருத்துவமனையில் பிறந்தான். ஆனையூர் முகாமில் இருக்கிறோம். பாஸ்போர்ட் கேட்டால், ‘அகதிக்குக் கிடையாது’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆதார் இருந்தும் நாங்கள் குடிமக்கள் இல்லையா?

பதில்: ஆதாரை விடுங்கள், அது குடியுரிமைக்குச் சான்றே இல்லை. உங்களைக் காப்பது அந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். தூதரின் பிள்ளை போன்ற சில விலக்குகள் தவிர, பெற்றோர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. யாரும் மனமிரங்கி உங்களுக்குத் தர வேண்டிய சலுகை அல்ல இது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் இதையே சொல்லி, பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். பெரியவரான பிறகு நீங்களே விரும்பி இலங்கைக் குடியுரிமை பதிவு செய்தீர்களா? செய்திருந்தால், வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்னும் 9-ஆவது பிரிவு குறுக்கே வரும். இல்லையென்றால் முறைப்படி விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அந்தக் கடிதம் கையில் இருந்தால் மேல்முறையீடோ, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோ (அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போடலாம்.

தம்பி விஷயம் எனக்கே மனசு கேட்காத ஒன்று. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளை, ஒரே ஆஸ்பத்திரி. ஆனால் 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதனால் அவர் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். மனு கலெக்டர் வழியாக மத்திய உள்துறைக்குப் போகும். ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று சொல்லி அதைத் தள்ளினால், எதிர்த்து வாதாட இடமிருக்கிறது: எல்லை தாண்டி உள்ளே வந்த வெளிநாட்டவரைத்தான் சட்டம் அப்படிச் சொல்கிறது, இவர் இங்கேயே பிறந்தவர். முடிவு வரும்வரையிலும் அரசமைப்பின் 14 (சட்டத்தின் முன் சமத்துவம்), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்) ஆகிய பிரிவுகள் தரும் பாதுகாப்பு அவருக்கும் உண்டு. அவை குடிமக்களுக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல.

அப்புறம் ஓட்டு. நீங்கள் படிவம் 6 கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேருங்கள். தம்பி இப்போது அதில் கையெழுத்துப் போட வேண்டாம். குடிமகன் என்று பொய்யாக உறுதி சொன்னால் ஓராண்டு வரை சிறை, பின்னால் குடியுரிமை மனுவும் கெடும்.