பெரட்டு இடாப்பும் பைதன் பிளகினும்

கேள்வி: அண்ணே, எங்கள் தோட்டத்துக்காகப் பைதனில் கொழுந்து நிறுவைக் கணக்கு ஒன்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு டிவிஷனும் ஒவ்வொரு மாதிரி அறிக்கை கேட்பதால் அவற்றைத் தனித்தனி பிளகினாக, அதாவது புரோகிராமோடு பிறகு சேர்க்கும் துண்டாக, வைத்திருக்கிறேன். அவற்றைப் பொதியாகக் கட்ட நான் செட்டப்டூல்ஸ் என்ற கருவியைப் பாவிக்கிறேன். கொழும்பில் இருக்கும் கூட்டாளி ஃப்ளிட்தான் பாவிப்பேன் என்கிறான். அவன் செய்யும் பிளகினை என் புரோகிராம் கண்டுபிடிக்குமா? இதற்கென்று ஒரு தரநிலை ஆவணம் வேறு இருக்கிறதாமே, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு அது எதற்கு?
வாசகர், தலவாக்கலை

பதில்: கண்டுபிடிக்கும் தம்பி.

என் அப்பா கணக்குப்பிள்ளை. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் ஆள் பிரிக்க அவர் லயம் லயமாகப் போய்க் கதவு தட்டியதில்லை. கையில் இடாப்பு, அதாவது பெயர்ப் பதிவேடு, இருக்கும். செடி வெட்டும் கவ்வாத்துக்கு இன்னார், கொழுந்துக்கு இன்னார் என்று தலைப்புப் போட்டு எழுதியிருப்பார். பைதன் பிளகினும் அப்படித்தான். பொதியை நிறுவியதும் அதன் ‘டிஸ்ட்-இன்ஃபோ’ கோப்புறைக்குள் ‘எண்ட்ரி_பொயிண்ட்ஸ் டொட் டிஎக்ஸ்டி’ என்று ஒரு சின்னக் கோப்பு உட்காரும். சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு. அதன்கீழ் ஒரு பெயர், சமக்குறி, மொடியூலின் (கோட் இருக்கும் கோப்பின்) பெயர், முக்காற்புள்ளி, அதற்குள் இருக்கும் ஃபங்ஷன். அவ்வளவுதான். உங்கள் புரோகிராம் தலைப்பைச் சொல்லிக் கேட்டால் பெயர்கள் வரும். நீங்கள் கூப்பிடும்வரை பிளகினின் கோட் ஓடாது. சோதனைக் கருவியான பைடெஸ்ட் தன் பிளகின்களைத் தேடுவதும் ‘பைடெஸ்ட்11’ என்ற தலைப்பில்தான்.

இது செட்டப்டூல்ஸில் பிறந்த வசதி. அது என்ன எழுதுகிறதோ அதுதான் வடிவம் என்று பல வருடம் ஓடியது. அப்புறம் ஃப்ளிட் போன்ற வேறு கருவிகளும் அதே கோப்பை எழுத வந்தன. அதனால் 2017 அக்டோபரில், ஏற்கெனவே இருந்ததை அப்படியே பொது விவரக்குறிப்பாக எழுதி வைத்தார்கள். நீங்கள் கேட்ட ஆவணம் அதுதான். பைதன் 3.8இல் வந்த ‘இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா’ என்ற மொடியூல் செட்டப்டூல்ஸின் தயவில்லாமலே இந்தக் கோப்பை வாசிக்கும். உங்கள் கூட்டாளி எதில் பொதி கட்டினால் உங்களுக்கென்ன?

ஆவணம் எதற்கு என்று கேட்டீர்கள். நான் அதை வாசிக்காமல் அரை நாள் தொலைத்தவன். தேயிலை ரகத்துக்கு ஒரு லேபிள் பிளகின் செய்து, பிஓபிஎஃப் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயர் வைத்தேன். கோப்பு ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பு மாதிரி இருக்கிறதே என்று, அந்த வகையை வாசிக்கும் பைதனின் கொன்ஃபிக்பார்சரை வைத்து நானே ஒரு வாசிப்பான் எழுதினேன். ‘அப்படி ஒன்று இல்லை’ என்றது. கோப்பைத் திறந்தால் பெயர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது! கடைசியில் பார்த்தால், நாம் தடுக்காவிட்டால் கொன்ஃபிக்பார்சர் பெயர்களையெல்லாம் சிறிய எழுத்தாக்கிவிடுமாம். முக்காற்புள்ளியையும் சமக்குறி மாதிரியே பிரிப்பானாக எடுக்குமாம். பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு. பிரிப்பான் சமக்குறி மட்டும்: ஆவணத்தில் இரண்டும் ஆளுக்கொரு வரி. எழுதி வைக்காவிட்டால் அது செட்டப்டூல்ஸ் எழுதியவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஆனால் அந்த ஃபங்ஷனுக்கு என்ன கொடுப்பது, அது என்ன திருப்பித் தரும் என்பதில் ஆவணம் தலையிடாது. அதை நீங்களும் கூட்டாளியும்தான் பேசி முடிவெடுக்க வேண்டும். தலைப்பை மட்டும் உங்கள் பொதியின் பெயரில் தொடங்கி, ஒரு புள்ளி வைத்து எழுதுங்கள். வெறுமனே ‘ரிப்போர்ட்ஸ்’ என்று வைத்தால் நாளைக்கு வேறு யாரோ அதே பெயரோடு வந்து நிற்பார்.

கேள்வி: பொதியின் விவரங்களை எழுதும் பைப்ராஜெக்ட் டொட் டொம்ல் கோப்பில் பிளகினின் பெயரை மாற்றினேன். இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.
வாசகி, பண்டாரவளை

பதில்: நீங்கள் மாற்றியது மூலக் கோப்பை. பைதன் பார்ப்பது நிறுவும்போது எழுதப்பட்ட பிரதியை. நிறுவும் கருவியான பிப் கொண்டு மறுபடி நிறுவுங்கள், சரியாகிவிடும். மூலக் கோட்டை இருந்த இடத்திலிருந்தே ஓடவிடும் ‘எடிட்டபிள்’ முறையில் நிறுவியிருந்தாலும் இதே கதைதான்.