வாசகர் கேள்வி-பதில்: நாகேஷ் வேடங்களில் மெஹ்மூத்

நாகேஷ் செய்த வேடங்களை இந்தியில் நகைச்சுவை நடிகர் மெஹ்மூத்தான் செய்தாராமே, எந்தெந்தப் படங்கள்?
– வாசகி, திண்டுக்கல்

முக்கியமானவை நான்கு. 'காதலிக்க நேரமில்லை' (1964) இந்தியில் 'பியார் கியே ஜா' (1966) ஆனது. இரண்டுக்கும் இயக்குநர் ஸ்ரீதர்தான். 'சர்வர் சுந்தரம்' (1964) 'மே சுந்தர் ஹூன்' ஆகவும், 'எதிர்நீச்சல்' (1968) 'லாகோன் மே ஏக்' ஆகவும் 1971-இல் வந்தன. 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'யின் (1966) பஸ் 1972-இல் 'பாம்பே டு கோவா' என்று ஓடியது. கண்டக்டர் மெஹ்மூத், டிரைவர் அவருடைய தம்பி அன்வர் அலி. 1971 படங்கள் இரண்டையும் தவறவிடாதீர்கள். சிரிக்க வைப்பவரே கதாநாயகனாகி அழவும் வைக்கும் வாய்ப்பு மெஹ்மூத்துக்கு அவற்றில்தான் முழுதாகக் கிடைத்தது.

'காதலிக்க நேரமில்லை'யில் அப்பாவிடம் பேய்க் கதை சொல்லும் காட்சியைக் கல்லூரி விழாவில் நடிக்கிறோம். ஒத்திகையில் யாருமே சிரிக்கவில்லை. என்ன தவறு?
– மாணவர், கோவை

அநேகமாகக் கதை சொல்பவர் முதல் வரியிலேயே கத்துகிறார். அங்கேயே உச்சத்துக்குப் போய்விட்டால் பிறகு ஏற இடமில்லை. நாகேஷ்-பாலையா, மெஹ்மூத்-ஓம் பிரகாஷ் இரண்டு ஜோடிகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். சிரிப்பு பிறப்பது கேட்பவர் முகத்தில். அவருடைய பயம் படிப்படியாக ஏற வேண்டும்: முதலில் ஆர்வம், பிறகு சந்தேகம், அதன்பின் உடம்பு ஒடுங்குவது, கடைசியில்தான் அலறல்.

இருவரையும் பக்கவாட்டில் திருப்பாமல், முகம் சபைக்குத் தெரிகிறமாதிரி உட்கார வையுங்கள். கதவு கிரீச்சிடுவதையும் காலடியையும் ஸ்பீக்கரில் போடவே வேண்டாம். ஒருவன் வெறும் வாயால் இன்னொருவரை நடுங்க வைக்கிறான் என்பதுதான் வேடிக்கை. நிஜச் சத்தம் வந்தால் அது செத்துவிடும். மைக் மட்டும் வாய்க்கு அருகில் இருக்கட்டும். சபையின் சிரிப்பு அடங்கத் தொடங்கும்போது அடுத்த வரி. முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும்.

'படோசன்' படத்தில் குடுமியும் வேட்டியுமாக வந்து நம்மைக் கேலி செய்த மெஹ்மூத்தைப் பாராட்டலாமா?
– வாசகர், மதுரை

கேலிதான், மறுக்க முடியாது. 1968-இல் அவர் போட்ட அந்தப் பாட்டு வாத்தியார் வேடம் பின்னால் வந்த பல 'மதராசி' வேடங்களுக்கு அச்சாகிவிட்டது. அந்த அச்சு நமக்கு நல்லது செய்யவில்லை. ஆனால் வட்டாரப் பேச்சு அவருக்கு எப்போதுமே ஆயுதம். 'கும்னாம்' (1965) படத்தில் ஹைதராபாத் இந்தி பேசியிருப்பார். 'ஏக் சதுர் நார்' பாட்டில் கிஷோர் குமாரோடு மோதும் மன்னா தேயின் குரலுக்கு மெஹ்மூத்தின் கழுத்தும் கையும் எப்படி ஈடு கொடுக்கின்றன என்று கவனியுங்கள். வேடத்தின் மேல் கோபம் இருக்கட்டும், அந்த உழைப்பையும் பாருங்கள்.

அவ்வளவு புகழ் பெற்றவருக்கு ஏன் வாய்ப்பு குறைந்தது?
– வாசகர், சேலம்

அவருடைய நகைச்சுவை பெரும்பாலும் தனி டிராக். மெஹ்மூத் காதலன், ஷோபா கோட்டே காதலி, தூமல் பெண்ணின் அப்பா. இந்தக் கூட்டணி கதாநாயகன் கதையைத் தொடாமலே ஓடும். 'அமர் அக்பர் ஆண்டனி' (1977) காலத்தில் அமிதாப் பச்சன் போன்ற நாயகர்களே சிரிக்க வைக்கத் தொடங்கியதும், தனி டிராக்குக்குத் தேவை குறைந்தது. அதே அமிதாப் 'பாம்பே டு கோவா'வில் மெஹ்மூத்தின் பஸ்ஸில் பயணம் செய்த நாயகன்.

மெஹ்மூத் யாரையாவது அறிமுகப்படுத்தினாரா?
– வாசகி, திருச்சி

ஆர்.டி. பர்மனை 'சோட்டே நவாப்' (1961) படத்திலும், ராஜேஷ் ரோஷனை 'குன்வாரா பாப்' (1974) படத்திலும் இசையமைப்பாளராக்கினார். பின்னது போலியோவைப் பற்றிய படம். போலியோவால் பாதிக்கப்பட்ட தன் மகனையே அதில் நடிக்க வைத்தார்.