வேல்ஸின் காவல் புனிதரான புனித தாவீது இறந்தது கி.பி. 589ஆ, 601ஆ? எதை எழுதுவது?

தேவாலய இதழுக்கோ மார்ச் 1 அன்று வரும் அவர் விழாவுக்கோ எழுதப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகளையும் எழுதுங்கள். இடமில்லை என்று யாராவது சொன்னால் வேறு வரியை வெட்டச் சொல்லுங்கள்.

601 என்பது வேல்ஸின் பழைய ஆண்டுக்குறிப்பில் உள்ளது. 589ஐச் சொல்பவர்கள் பிடித்துக்கொள்வது ஒரு கிழமையை. தாவீதின் வரலாற்றை எழுதிய ரிகவார்க், அவர் மார்ச் முதல் நாள், செவ்வாய்க்கிழமை இறந்தார் என்கிறார். ஜூலியன் நாள்காட்டியை வைத்து நானே கணக்குப் போட்டேன்: 589இல் அந்த நாள் செவ்வாய், 601இல் புதன். ஆனால் 595இலும் 600இலும்கூடச் செவ்வாய்தான்! ரிகவார்க் எழுதியதோ 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு கழித்து. அவர் கணக்கில் தாவீதின் வயது 147.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதக் காரணம் இருக்கிறது. நான் வேல்ஸில் வசிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு குழுவினர் மார்ச் விழாக் கண்காட்சிக்குத் தாவீதின் வம்ச வரைபடம் கேட்டார்கள். மூன்று வார இறுதிகளை அதற்கே கொடுத்தேன். தந்தை சந்த், அவருடைய தந்தை கெரெடிக் என்று ஒரு பட்டியல் சொல்கிறது. இன்னொன்று நடுவில் கெடிக் என்று ஒருவரைச் சேர்க்கிறது. அப்படியானால் கெரெடிக் தாத்தாவா, கொள்ளுத்தாத்தாவா? 'சந்த்' என்றால் வெல்ஷ் மொழியில் புனிதர் என்றே பொருள், ஆகவே தந்தையின் பெயரிலேயே எனக்குத் தயக்கம் உண்டு. அதனால் உறுதியில்லாத அந்த இடங்களிலெல்லாம் புள்ளிக்கோடு போட்டேன். கீழே '589 அல்லது 601' என்று எழுதினேன்.

அச்சாகி வந்த பலகையில் எல்லாமே முழுக்கோடு. ஆண்டு 589 மட்டும். 'பார்ப்பவர்கள் குழம்புவார்கள்' என்றார்கள். ஒரு பாட்டி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பலகைக்கு மிக அருகில் நின்று, ஒவ்வொரு பெயராகத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேனா கெரெடிக்கிலிருந்து சந்துக்கு நேர்க்கோடு இழுத்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

'நீ என்ன வரலாற்றுப் பேராசிரியரா' என்று கேட்பவர்கள் இங்கே உண்டு. இல்லை. விசுவாசத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்றும் சொல்லாதீர்கள். நானும் அந்த நாளில் மெழுகுவத்தி ஏற்றுபவன்தான். வழிபடுகிறவர் மீது அன்பு இருப்பதால்தான் அவரைப் பற்றித் தெரியாததைத் தெரிந்ததாக எழுத மனம் வரவில்லை. பிள்ளைகள் பலர் புனிதர்களாகச் சொல்லப்படும் பிரக்கன் என்ற பழைய வேல்ஸ் அரசரை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸைப் பற்றி எழுதிய ஜெரால்ட் என்ற குரு அவருக்கு 24 மகள்கள் என்கிறார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் பட்டியலிலும் பிள்ளைகள் 24தான், ஆனால் பெயர்கள் பெரும்பாலும் வேறு. தங்கள் புனிதரை அரச குடும்பத்தோடு சேர்த்துக்கொள்ள ஒவ்வொரு ஊரும் ஆசைப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். பின்னாளில் இயோலோ மோர்கானுக் (1747–1826) என்ற வெல்ஷ் கவிஞர் தானே கட்டிய வம்சாவளிகளையும் கலந்துவிட்டார். அவற்றை உண்மை என்று நம்பி அச்சிட்டவர்கள் ஏராளம்.

இதையெல்லாம் சரிபார்க்கலாம் என்றால் எங்கள் ஊர் நூலகம் இப்போது எனக்கு விடுமுறை கிடைக்கும் இரண்டு நாட்களிலும் மூடியிருக்கிறது. வேலைக்குப் போகிறவன் எப்போது படிப்பது? கடிதம் எழுதியும் பதில் இல்லை.

கண்காட்சியின் இரண்டாம் நாள் காலை, பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, வெள்ளைத் தாளை மெல்லிய துண்டுகளாக வெட்டிக் கோட்டின்மேல் இடைவெளி விட்டு ஒட்டினேன். பதினொரு துண்டு. பிறகு 589க்குப் பக்கத்தில் பேனாவால் '601' என்று எழுதினேன். அந்தப் பாட்டி மறுபடி வரவில்லை.