ஓடையைக் காப்பாற்ற எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் பகுதியில் ஓடும் ஓடையும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியும் நீண்ட காலம் நலமாக இருக்க எப்படித் திட்டமிடலாம்?

குப்பை பொறுக்கும் நாளிலிருந்து தொடங்காதீர்கள். கையுறை, டி-ஷர்ட், குரூப் போட்டோ எல்லாம் நல்லதுதான். ஆனால் நான் வசிக்கும் தென்னாப்பிரிக்க நகரமான டர்பனில் பார்த்தவரை ஆற்றைக் கெடுப்பதில் பிளாஸ்டிக் பையைவிடக் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் பங்கு அதிகம்.

நான் இருப்பது ரெசர்வாயர் ஹில்ஸ். எங்களுக்குக் கீழே பால்மியட் ஆறு ஓடுகிறது. பைன்டவுன் மேட்டுப் பக்கமிருந்து இறங்கி, வெஸ்ட்வில் காப்புக்காட்டைத் தாண்டி, குவாரி ரோடு வெஸ்ட் குடிசைப் பகுதியைத் தொட்டுக்கொண்டு உம்கேனி என்ற பெரிய ஆற்றில் சேர்கிறது. சின்ன ஆறுதான். ஆனால் தொழிற்சாலை, மதில் வைத்த பெரிய வீடு, எங்களைப் போன்ற நடுத்தர வீடு, தகரக் குடிசை என எல்லாமே அதன் கரையில் இருக்கிறது. வார்டு எல்லையை வைத்துத் திட்டம் போட்டால் இது பிடிபடாது. உங்கள் ஓடைக்கும், மழைத்தண்ணீர் எந்த மேட்டிலிருந்து அதற்கு இறங்குகிறது என்று பார்த்து, அந்த மேடுகளைச் சுற்றி வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குள் இருப்பதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி; அதற்குள் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் பங்காளிகள்.

அப்புறம் குழாய். கழிவுநீர் தானாக இறங்கி ஓட வேண்டும் என்பதால் பெரிய குழாய்களைப் பள்ளத்தில், ஆற்றோரமாகவே பதிப்பார்கள். கூரைத் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் அதிலேயே திருப்பிவிடுகிற வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. கனமழை வந்தால் குழாய் தாங்காது, மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கிவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வெள்ளத்தில் கழிவுநீர் அமைப்பும் பலத்த சேதமடைந்து, கடற்கரைகள் பலவற்றை மாதக்கணக்கில் மூடி வைத்தார்கள். புதிதாக ஒன்றைக் கட்டப் பணம் வந்துவிடுகிறது, கட்டியதைப் பராமரிக்கத்தான் வருவதில்லை. உங்கள் திட்டத்தில் பராமரிப்புக்கென்று வருடாவருடம் தனி ஒதுக்கீடு இல்லையென்றால், அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, ஆறு தேறுகிறதா, மோசமாகிறதா என்று எப்படித் தெரியும்? இங்கே மினிசாஸ் என்று ஒரு முறை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம். முழங்காலளவு தண்ணீரில் நின்று, ஓட்டத்தை எதிர்த்து வலையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் கிடக்கிற கற்களைக் காலால் கிளற வேண்டும். வலையில் விழுந்ததைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் கவிழ்த்தால் சின்னச்சின்ன உயிர்கள் குட்டிக்குட்டியாக நெளியும். அவற்றை மொத்தம் 13 வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். புழுவுக்கும் அட்டைக்கும் 2 மதிப்பெண், நத்தைக்கு 4, தட்டான் குஞ்சுக்கு 6. சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் மட்டும் தாக்குப்பிடிக்கிற கல்ஈ (ஸ்டோன்ஃப்ளை) என்ற பூச்சியின் குஞ்சுக்கு 17. கிடைத்த வகைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி, வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் நிலை தெரிந்துவிடும்; எண் கூடக் கூட ஆறு சுத்தம். கழிவுநீர் கசியும் இடத்துக்குக் கீழே எடுத்தால் பெரும்பாலும் புழுவும் அட்டையும்தான். இந்த மதிப்பெண்கள் இங்குள்ள ஆறுகளுக்கு வகுத்தவை, அப்படியே காப்பியடிக்க வேண்டாம்; உங்கள் ஊர்க் கல்லூரி விலங்கியல் துறையைக் கேளுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் அதே இடத்தில் எடுப்பது முக்கியம். பக்கத்திலேயே மேன்ஹோல் நோட்டு ஒன்றும் வையுங்கள்: இடம், தேதி, போட்டோ, புகார் எண். "நாற்றம் தாங்கவில்லை" என்று போன் செய்தால் யாரும் வருவதில்லை. பழைய புகார் எண்களை வரிசையாக வாசித்துக் காட்டினால் வண்டி வருகிறது.

களைச்செடி பற்றிச் சுருக்கமாக: உண்ணிச்செடியை ஒரு தடவை வெட்டினால் போதாது, திரும்பத் துளிர்க்கும். ஆகாயத்தாமரை கழிவுநீர்ச் சத்தில்தான் கொழுக்கிறது, குழாயைச் சரிசெய்யாமல் அதை அள்ளிக்கொண்டிருப்பது வீண்வேலை. கோவில் கமிட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரகம் ஜோடிக்க நம்மவர்கள் இங்கே இன்றும் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். பூஜை முடிந்து தேங்காயையும் பிளாஸ்டிக் தட்டையும் தண்ணீரில் விடுகிறவர்களிடம் ஐயர் சொன்னால் எடுபடும், நான் சொன்னால் சண்டைதான் வரும்.

கடைசியாக, தாழ்ந்த நிலத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1917 அக்டோபரில் உம்கேனி பெருகியபோது ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் காய்கறி பயிரிட்ட நம்மவர் குடும்பங்கள் அடித்துச் செல்லப்பட்டன. படவட்டன் சிக்ஸ் என்று இங்கே இன்றும் பேசப்படுகிற மீனவர்கள் ஆறு பேர் படகில் போய் 176 பேரைக் கரைசேர்த்தார்கள். 1976இல் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் டின் டவுன் குடிசைகள் மூழ்க, அங்கிருந்தவர்களை டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிக்கு மாற்றினார்கள். இப்போது குவாரி ரோடு வெஸ்டில் வேறு ஏழைகள். அங்கே குடியிருப்பவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள், மழை எச்சரிக்கை நேராக அவர்கள் போனுக்கே போகிறது. உங்கள் ஓடைக்கரையில் குடிசை இருந்தால், முதல் கூட்டத்தை அங்கேயே போடுங்கள். எந்த மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.