தூரத்துச் சர்வருக்கு எந்தக் கருவி? சுங்கை சிப்புட் (மலேசியா) கேள்வி நேரம்

(ஞாயிறு இரவு 8 முதல் 10 வரை. தொலைவிலிருந்து சர்வர் பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும். வைஃபை வேகம், போன் சூடு பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் இல்லை.)

எடைப்பாலம்: அண்ணே, செம்பனை ஆலையில எடைப்பாலக் கணக்கு ஒரு உபுண்டு (லினக்ஸ்) சர்வர்ல ஓடுது. வீட்டிலிருந்து பார்த்துக்கறேன். இடி மழை வந்தா லைன் போய்ப் போய் வருது. போன வாரம் அப்டேட் பாதியில அறுந்து போச்சு. எந்த மென்பொருள் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீங்க தம்பி. டிமக்ஸ் போதும், இலவசம். லைன் அறுந்தால் சர்வர் உங்கள் ஷெல்லை (கட்டளை அடிக்கும் சன்னலை) மூடிவிடும், அதற்குள் ஓடிய வேலையும் அதோடு சாகும். அப்டேட் பாதியில் நின்றது அதனால்தான். உள்ளே போனதும் முதல் வேலையாக ‘டிமக்ஸ் நியூ’ அடியுங்கள், அப்டேட்டை அதற்குள் தொடங்குங்கள். லைன் போனாலும் வேலை சர்வரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப நுழைந்து ‘டிமக்ஸ் அட்டாச்’ அடித்தால் விட்ட இடத்தில் நிற்பீர்கள். நீங்களாக வெளியே வர கன்ட்ரோல்-பி, பிறகு டி. போன வாரம் அறுந்ததற்கு, மென்பொருள் நிறுவலைக் கவனிக்கும் ‘டிபிகேஜி’ கட்டளையை ‘கான்ஃபிகர்’, ‘ஏ’ இரண்டும் சேர்த்து ஓட்டுங்கள், தொங்கி நிற்பதை முடித்து வைக்கும்.

லைன் அடிக்கடி தடுமாறினால் மோஷ் என்ற இணைப்புக் கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐபி மாறினாலும் அது தொடர்பை விடாது. ஆனால் நுழைவதற்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வேண்டும், அதற்குமேல் யூடிபி போர்ட் 60000 முதல் 61000 வரை ஒன்றை அது எடுத்துக்கொள்ளும், அதை ஃபயர்வாலில் திறக்க வேண்டும். ஒரு தொடர்புக்கு ஒரு போர்ட்தான், ஆகவே 60000 முதல் 60010 வரை திறந்தால் போதும். மோஷில் மேலே உருட்டிப் பார்க்க முடியாது, டனலும் (வேறு போர்ட்டை இதன் வழியே கடத்துவது) கிடையாது. அதனால் மோஷ் போட்டாலும் டிமக்ஸை விடாதீர்கள்.

இன்னும் இரண்டு. மோடம், சுவிட்ச் இரண்டையும் யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள், சர்வர் மட்டும் உயிரோடு இருந்து புண்ணியமில்லை. சர்வரின் பயாஸில் ‘கரண்ட் திரும்பியதும் தானே எழு’ என்ற அமைப்பை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் பட்டனை அழுத்த யாராவது ஆலைக்கு மோட்டார் ஏறணும்.

எடைப்பாலம்: அங்கே சிம் கார்டு லைன்தான்ணே. ரவுட்டர்ல போர்ட் திறந்தும் வெளியிலிருந்து வர மாட்டேங்குது.

பதில்: ரவுட்டர் காட்டும் ‘வான்’ (வெளிப்பக்க இணைய) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால் உங்களுக்கென்று தனி முகவரி இல்லை, பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன. எத்தனை போர்ட் திறந்தாலும் வராது. சர்வர் உள்ளிருந்து வெளியே கூப்பிட வேண்டும். உங்கள் கணினிகளைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் மலிவான ஒரு விபிஎஸ் (வாடகைச் சர்வர்) எடுத்து வயர்கார்டு (விபிஎன்) போட்டு, ஆலைப் பக்கத்தில் ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ 25 விநாடி என்று வையுங்கள். அதை மறந்தால் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் வழி அடைத்துக்கொள்ளும்.

கல்லூரி மாணவர்: விண்டோஸில் எஸ்எஸ்எச்சுக்குப் புட்டி மென்பொருளா, விண்டோஸ் டெர்மினலா?

பதில்: விண்டோஸ் 10-இல் 2018 முதலே எஸ்எஸ்எச் உள்ளே இருக்கிறது, அது போதும். புட்டிதான் வேண்டுமென்றால் தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள், போலிப் புட்டி நிறைய.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: வணக்கம் சார். பள்ளி அலுவலகக் கணினிக்கு வீட்டிலிருந்து போக ரிமோட் டெஸ்க்டாப் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ரவுட்டரில் போர்ட் 3389 திறந்திருக்கிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை இல்லை, டீச்சர். இன்று இரவே மூடச் சொல்லுங்கள். 3389 திறந்த கணினியைத் தேடுவதே தொழிலாகச் சிலர் இருக்கிறார்கள். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) நுழைய அது பழகிய வாசல். அதே ரிமோட் டெஸ்க்டாப்பை டெயில்ஸ்கேலுக்குள்ளோ வயர்கார்டுக்குள்ளோ வைத்தால் உங்கள் பக்கம் எதுவும் மாறாது, வெளியே மட்டும் தெரியாது.

கூட்டுறவுக் கடை: எஸ்எஸ்எச்சுக்குச் சாவி (பாஸ்வர்டுக்குப் பதிலான கோப்பு) போட்டு, கான்ஃபிக்கில் பாஸ்வர்டை ‘நோ’ என்று மாற்றி, ரீஸ்டார்ட்டும் கொடுத்தேன். இன்னும் பாஸ்வர்டில் நுழைய முடிகிறது. ஏன்ணே?

பதில்: நல்ல கேள்வி. பலருக்கு இது நடந்திருக்கும், தெரியாமல் இருப்பார்கள். விபிஎஸ் உபுண்டுவில் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச்சின் சர்வர் பக்க நிரல்) கான்ஃபிக்கின் தலையிலேயே ஒரு ‘இன்க்ளூட்’ வரி இருக்கும். அது ‘.டி’ என்று முடியும் அடைவிலுள்ள கோப்புகளை முதலில் படிக்கும். அங்கே 50-கிளவுட்-இனிட் என்ற கோப்பு பாஸ்வர்டுக்கு ‘யெஸ்’ சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எஸ்எஸ்எச்சில் முதலில் வரும் மதிப்புதான் நிற்கும், கீழே நீங்கள் எழுதிய ‘நோ’ செல்லாது. அதே அடைவில் 10 என்று தொடங்கி ‘.கான்ஃப்’ என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி ‘நோ’வை அதில் எழுதுங்கள்.

பிறகு சூடோவோடு ‘எஸ்எஸ்எச்டி’ கட்டளைக்குச் சின்ன டி போட்டால் எழுத்துப்பிழை பார்க்கும், பெரிய டி போட்டால் உண்மையில் எந்த மதிப்பு அமலில் இருக்கிறது என்று சொல்லும். இரண்டையும் பார்த்த பிறகே ரீலோட். நுழைந்திருக்கும் சன்னலை மூடாமல் இன்னொரு சன்னல் திறந்து சோதியுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சாவி ஏற்கவில்லை என்று அடுத்து கேட்கப் போகிறவர்களுக்கு: ‘.எஸ்எஸ்எச்’ அடைவின் அனுமதி எண் 700, சாவிக் கோப்புக்கு 600. ஹோம் அடைவில் குழுவினர் எழுதலாம் என்று இருந்தாலும் எஸ்எஸ்எச் மறுத்துவிடும்.

மாணவர் 2: எஸ்எஸ்எச்சின் போர்ட் 22-ஐ 2222 ஆக்கினால் பாதுகாப்பா?

பதில்: இல்லை. லாக் (சர்வரின் பதிவேடு) சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

கேமரா கடை: ஒத்துக்க முடியல அண்ணே. 22-ல இருந்தப்போ நாள் முழுக்க யாரோ கதவைத் தட்டினான். மாத்தினதும் சத்தமே இல்ல. இது பாதுகாப்பு இல்லையா?

பதில்: தட்டியவை பாஸ்வர்ட் ஊகிக்கும் ரோபோக்கள். சாவி மட்டும் வைத்தவனை அவை ஒன்றும் செய்யாது. உங்களைக் குறிவைத்து வருபவன் 65,535 போர்ட்டையும் தட்டுவான், எஸ்எஸ்எச்சும் முதல் வரியிலேயே தன் பதிப்பைச் சொல்லிவிடும்.

கேமரா கடை: 2024 ஜூலைல ஓபன்எஸ்எஸ்எச் ஓட்டை வந்துச்சே? 8.5-லிருந்து 9.7 வரைக்கும். அதுக்குச் சாவி என்ன பண்ணும்? 22-ல நிக்கிறவன் முதல்ல மாட்டுவான், எனக்கு அப்டேட் போட ஒரு நாளாவது கிடைக்கும்.

பதில்: அது நியாயமான வாதம், ஏற்கிறேன். ஆனால் அந்த ஒரு நாள்தான் வேண்டுமென்றால் 2222 அரைகுறை. எஸ்எஸ்எச்சை வயர்கார்டுக்குள் வையுங்கள். சரியான சாவி இல்லாத பொட்டலத்துக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது, ஸ்கேன் செய்கிறவனுக்கு அங்கே ஒன்றும் இருப்பதாகவே தெரியாது.

எடைப்பாலம்: வயர்கார்டு படுத்துட்டா?

பதில்: அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். விபிஎஸ் என்றால் நிறுவனத்தின் உலாவி கன்சோல் இருக்கும், அதில் ஒருமுறை நுழைந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆலை மாதிரி இடத்தில் ஐடிராக், ஐலோ (டெல், எச்பி சர்வர்களில் உள்ள தொலைக் கட்டுப்பாடு), அல்லது ராஸ்பெரி பையில் ஓடும் பைகேவிஎம். திரை, விசைப்பலகை, பயாஸ் எல்லாம் கைக்கு வரும். ஆனால் அவற்றை நேராக இணையத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

கேமரா கடை: அப்போ 2222 போட்டவன் முட்டாளா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. போடுவதானால் 1024-க்குக் கீழே ஒரு எண் போடுங்கள். அதற்கு மேலே உள்ள போர்ட்டை, எஸ்எஸ்எச் விழுந்த நேரத்தில் சர்வரிலுள்ள எந்தச் சாதாரணப் பயனரும் பிடித்துக்கொள்ளலாம். உபுண்டு 24.04-இல் எண்ணை மாற்றி எஸ்எஸ்எச்சை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் 22-லேயே நிற்கும். போர்ட்டைப் பிடித்திருப்பது ‘எஸ்எஸ்எச் சாக்கெட்’. ‘டீமன்-ரீலோட்’ கொடுத்து, சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். புது எண்ணை ஃபயர்வாலில் முதலில் திறங்கள். சன்னலை மூடாதீர்கள்.

மாணவர் 3: இலவசமாக நல்ல ரிமோட் மென்பொருள் எது?

பதில்: மேலே.

மளிகைக் கடை: டீம்வியூவர் போதுமா?

பதில்: இலவசம் சொந்தப் பயனுக்கு மட்டும். கடைக்கு என்றால் காசு. லினக்ஸ் சர்வருக்குத் தேவையே இல்லை.

மாணவர் 4: எஸ்எஸ்எச்சுக்கு எந்த ஆப் நல்லது அண்ணா?

பதில்: விண்டோஸுக்கு மேலே பாருங்கள். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ்.

கூட்டுறவுக் கடை: இரவு 2 மணிக்கு வைத்த பேக்கப் காலை 10 மணிக்கு ஓடுகிறது. கடை திறந்த நேரத்தில் எல்லாம் மெதுவாகிறது.

பதில்: சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது, நாம் எட்டு மணி நேரம் முன்னால். ‘டைம்டேட்சிடிஎல்’ கொண்டு நேர மண்டலத்தை ஆசியா/கோலாலம்பூர் ஆக்கி, கிரானை (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் நிரலை) ரீஸ்டார்ட் செய்யுங்கள். பேக்கப் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) என்றால் மூல அடைவின் கடைசிச் சாய்கோட்டைக் கவனியுங்கள். கோடு இருந்தால் உள்ளிருப்பது மட்டும் போகும், இல்லாவிட்டால் அடைவே போகும். ‘டிலீட்’ சேர்த்த கட்டளையில் இதைத் தவறவிட்டால் மறுபக்கம் துடைத்துவிடும். முதலில் ‘டிரை-ரன்’.

மாணவர் 2: நான்கு சர்வருக்கு அன்சிபிள் (பல சர்வரை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) அதிகமா?

பதில்: அதிகமில்லை. எஸ்எஸ்எச்சும் பைத்தனும் இருந்தால் போதும், சர்வரில் தனியாக ஏஜென்ட் எதுவும் போட வேண்டாம். மூன்றாவது சர்வரிலேயே தொடங்கியிருக்கலாம்.

மாணவர் 3: அண்ணே அவசரம். இப்போதான் யூஎஃப்டபிள்யூ (ஃபயர்வால்) எனேபிள் கொடுத்தேன். விபிஎஸ் உள்ளே போக முடியல.

பதில்: 22-ஐ அனுமதித்த பிறகு கொடுத்தீர்களா?

மாணவர் 3: இல்லண்ணே.

பதில்: ஏற்கெனவே திறந்திருந்த சன்னல் அநேகமாக இன்னும் வேலை செய்யும். அதில் ‘யூஎஃப்டபிள்யூ அலவ் 22/டிசிபி’ அடியுங்கள்.

மாணவர் 3: மூடிட்டேன்ணே.

பதில்: நிறுவனத்தின் தளத்தில் நுழைந்து கன்சோலைத் திறங்கள். ரூட் பாஸ்வர்ட் தெரியாவிட்டால் அங்கேயே மாற்றலாம். உள்ளே போய் அதே கட்டளை. அடுத்த முறை ஃபயர்வாலைத் தொடுமுன் ‘அட்’ கட்டளையில் 10 நிமிடத்துக்குப் பிறகு ‘யூஎஃப்டபிள்யூ டிசேபிள்’ ஓடும்படி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். எல்லாம் சரியென்றால் அதை ரத்து செய்யலாம்.