பூனை ராத்திரிக்கு என்ன சாப்பிடும்?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நானும் என் பன்னிரண்டு வயது மகளும் சேர்ந்து ஒரு கதை எழுதுகிறோம். காகம், பூனை, எலி, நாய், கபரகொய்யா (நீரில் திரியும் பெரிய உடும்பு), வௌவால், கூழைக்கடா எல்லாம் மனிதரைப் போல யோசிக்கும், பேசும். கட்டி முடிக்காமல் பாதியில் நின்றுபோன ஓர் அடுக்குமாடியில் ஒன்றாகக் குடியிருக்கும். மூன்றாம் அத்தியாயம் எழுதும்போது மகள், 'அம்மா, பூனை ராத்திரிக்கு என்ன சாப்பிடும்? எலி பக்கத்து வீடல்லவா?' என்று கேட்டாள். அன்றோடு கதை நின்றுவிட்டது. எல்லோரையும் சைவமாக்கிவிடலாமா? இவர்கள் எந்த மொழியில் பேசுவது? யார் ஆட்சி செய்வது?"

உங்கள் மகளுக்கு என் வணக்கம். சிறுவர் கதைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. பேசும் விலங்குகளை வைத்து எழுதிப் பாதியில் விட்ட கதைகள் நிறையவே என் மேசைக்கு வரும். அவற்றில் பல நின்றுபோகிற இடம் இதுதான். கொடி என்ன நிறம், அரசர் யார், பழைய போர் எப்படி நடந்தது என்று பத்துப் பக்கம் இருக்கும். இராச்சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. நான் மற்றப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். முதலில் வயிறு. மொழியும் சட்டமும் ஆட்சியும் அதன் பின்னால் வரும்.

சைவ யோசனையை இப்போதே தள்ளிவைப்போம். காகத்துக்கு எதுவும் ஆகும், எலிக்கும் அப்படித்தான். பூங்காவில் தொங்கும் பெரிய வௌவால் பிறவியிலேயே பழம் தின்பவர். நாய் மனிதரோடு ஆயிரக்கணக்கான வருடம் கூடவே இருந்து சோறும் பாணும் செரிக்கப் பழகிவிட்டது. பூனைதான் இடக்கு. டோரின் என்ற பொருள் அதன் உடலுக்குக் கட்டாயம் வேண்டும். தேவையான அளவை அந்த உடல் தானாகச் செய்துகொள்ளாது. இறைச்சியிலோ மீனிலோ இருந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் நாளடைவில் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். கடையில் விற்கும் பூனை உணவில் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் அடுக்குமாடியில் அப்படியொரு தொழிற்சாலை இருக்கப்போவதில்லை. ஆகவே எலியின் நட்புக்காக மரக்கறிக்கு மாறிய பூனை கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை இழக்கும். (எழுதும்போதுதான் தோன்றுகிறது, இதுவே தனிக் கதை. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.) கபரகொய்யாவுக்குக் கீரை கொடுப்பதைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

சரி, அப்படியானால் கோடு எங்கே? பேசுகிறவரைப் பேசுகிறவர் தின்னக்கூடாது என்பது முதற் சட்டம். அதன் மறுபக்கத்தையும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும்: பேசாதவர் யார் யார்? இந்தப் பட்டியலை எழுதக் கை கூசும். எழுதாமல் விட்டால் ஐந்தாம் அத்தியாயத்தில் பேசும் மீன் ஒன்று அழகாக வந்து நிற்கும். வாசிக்கிற பிள்ளை உடனே இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், கூழைக்கடா அன்றைக்கு விழுங்கியது யாரை என்று பார்க்கும். பிள்ளைகள் இப்படித்தான் வாசிப்பார்கள்.

கொழும்புக்கு என் சிபாரிசு: மீன், நண்டு, இறால், பூச்சி எதுவும் பேசாது. கடல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான். சந்தையில் மீன் வெட்டுகிற இடத்தில் தலையும் குடலும் பூவும் (செவுள்) நாள்தோறும் கூடை கூடையாக மிஞ்சும். பேலியகொடை மொத்த மீன் சந்தை உங்கள் ஊருக்கே ஒரு களஞ்சியம். அங்கிருந்து வெள்ளவத்தை வரைக்கும் யார் சுமந்து வருவது, யார் பங்கு பிரிப்பது, தலை யாருக்கு, குடல் யாருக்கு? யார் ஆட்சி செய்வது என்று கேட்டீர்கள். கூடையைப் பிரிப்பவர்தான் ஆட்சி செய்வார். அவருக்கு என்ன பட்டம் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கபரகொய்யாவுக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்று வைத்திருக்கிறேன். கால்வாயில் செத்து மிதப்பதையும் அது தின்னும்; அதனால்தான் அதைக் கண்டால் நாம் முகம் சுளிக்கிறோம். பேசும் விலங்குகளின் ஊரில் ஒருவர் இறந்தால் எரிப்பதா, புதைப்பதா? என்னைக் கேட்டால், கடைசிக் காரியம் செய்பவராகக் கபரகொய்யாவை வையுங்கள். எல்லோரும் அவருக்கு மரியாதை கொடுப்பார்கள், ஒருவரும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். நம் ஊர்களில் அந்தத் தொழிலைச் செய்தவர்களை எப்படி நடத்தினோம் என்பது உங்களுக்குத் தெரியும். கதையில் விளக்கவே தேவையில்லை.

இந்தக் கோடு தடுக்கி விழுகிற இடம் முட்டை. காகமும் கபரகொய்யாவும் அடுத்தவர் முட்டையைத் தின்பவை. முட்டை பேசாதுதான், ஆனால் பொறுத்திருந்தால் பேசும். அது குடிமகனா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன், ஒரு வழக்காகவே வைத்துவிடுங்கள். இதற்குள் குயில் வேறு. அது தன் முட்டையைக் காகத்தின் கூட்டில்தான் இடும். காகம் அடைகாத்து, ஊட்டி வளர்த்து, ஒரு நாள் பிள்ளை வாயைத் திறந்தால் குரல் வேறு. உண்மையான காகம் ஏமாறுகிறது. யோசிக்கத் தெரிந்த காகமும் ஏமாறுமா? தெரிந்துகொண்டேதான் வளர்க்கிறது என்றால் அந்த வீட்டுக்குள் என்ன பேசிக்கொள்வார்கள்? சித்திரை நெருங்கும்போது குயில் கூவினால் வருடப்பிறப்பு வருகிறது என்று தமிழரும் சொல்வோம், சிங்களவரும் சொல்வார்கள். அப்படி ஊரே காத்திருந்து கேட்கிற பாட்டுக்காரர் ஒரு காகத்தின் வளர்ப்புப் பிள்ளை. இதைவிட நல்ல பாத்திரத்தை என்னால் உங்களுக்குத் தர முடியாது.

அப்புறம் உடம்பு. இதில் நானே வழுக்கியிருக்கிறேன். என் முதற் கதையில் விகாரமகாதேவிப் பூங்காவில் தொங்குகிற வௌவால் ஒன்று, கத்தி எதிரொலி கேட்டு இருட்டில் வழி கண்டுபிடிக்கும். பத்து வயதுப் பையன் ஒருவன் கடிதம் போட்டான்: அது பழந்தின்னி வௌவால், அதற்குக் கண் நன்றாகத் தெரியும், எதிரொலியை நம்பிப் பறப்பது பூச்சி பிடிக்கிற சின்ன வௌவால். அவன் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து ஒரு விலங்கைக் கதைக்குள் விடுவதற்கு முன் அது எப்போது விழித்திருக்கும், எதைக் கேட்கும், எதைப் பார்க்கும் என்று எழுதிவைத்துக்கொள்கிறேன்.

அப்படி எழுதினால் கதையில் பாதி தானாகவே அமையும். ஊர்க்கூட்டம் எத்தனை மணிக்கு? விடியற்காலை என்றால் கபரகொய்யா வரமாட்டார். வெயிலில் கிடந்து உடம்பு சூடேறாமல் அவரால் சுறுசுறுப்பாக அசைய முடியாது. நடுப்பகலில் வௌவால் தூக்கம். நள்ளிரவில் காகம் தூக்கம். கொழும்பில் வருடம் முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் மறைகிறது. அந்த அரை மணி நேரம் ஒன்றுதான் எல்லோருக்கும் பொருந்தும். காகங்கள் அடைய வருகின்றன, வௌவால்கள் சோம்பல் முறித்துப் புறப்படுகின்றன, கபரகொய்யாவின் உடம்பில் பகல் சூடு இன்னும் மிச்சமிருக்கிறது, பூனைக்கும் எலிக்கும் பொழுது அப்போதுதான் விடிகிறது. ஆகவே கூட்டம் ஆறு மணிக்கு, பூங்காவில். எதிரே மாநகர சபைக் கட்டடம். அதற்கு ஒரு பகடி உங்களுக்கே தோன்றும். இருட்டுவதற்குள் தீர்மானம் எடுத்தாக வேண்டும் என்பதால் யாரும் நீட்டி முழக்கவும் முடியாது.

காதையும் மறக்கவேண்டாம். கீச்சுக்குரல் ஏற ஏற, மனிதக் காது 20,000 ஹேர்ட்ஸோடு (நொடிக்கு அத்தனை அதிர்வு) நின்றுவிடும், பறவைகளுக்கு அதிலும் பாதிதான். எலிகள் தங்களுக்குள் 22,000 ஹேர்ட்ஸிலும் 50,000 ஹேர்ட்ஸிலும் குரல் கொடுக்கின்றன. காகத்தின் காலடியிலேயே நின்று இரகசியம் பேசலாம், அதற்குக் கேட்காது. பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். ஆக, எலிகளின் தனிப்பேச்சு முழுவதையும் ஒட்டுக்கேட்கக்கூடிய அயலவர் பூனைதான். உங்கள் மகள் பயந்த அதே பூனை, எலி வீட்டுச் சண்டை சச்சரவு எல்லாம் தெரிந்தும் வெளியில் மூச்சுவிடாமல் இருக்கிறது என்று வைத்துப் பாருங்கள்.

ஆட்சிக்குத் திரும்பி வருகிறேன். தேர்தல் வைப்பதானால் ஆயுளைக் கணக்குப் பாருங்கள். எலி நன்றாக வாழ்ந்தால் இரண்டு மூன்று வருடம். நம் மாநகர சபைக்குச் சட்டப்படி நான்கு வருடத்துக்கொரு தேர்தல்; 2018-இல் நடந்தது, அடுத்தது 2025-இல்தான் வந்தது. அந்தக் கணக்கில் ஓர் எலி பிறந்து, கிழமாகி, ஒருமுறைகூட வாக்களிக்காமல் போய்ச் சேரும். எலிகள் நிச்சயம் கேட்பார்கள். மறுபக்கத்தில் காகத்தின் ஞாபகம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, பிறகு பறக்கவிட்டார்கள். வருடங்கள் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் கத்தித் தீர்த்தன, பிடிபடாத காகங்களும் சேர்ந்து கத்தின. கொள்ளுத்தாத்தா எலி செய்த ஒரு திருட்டுக்கு, அவரைக் கண்ணாலும் காணாத பேத்தி எலியிடம் காகம் இன்னும் கணக்குக் கேட்கிறது. இந்த இருவரும் ஒரே மாடியில் குடியிருந்தால் உங்களுக்கு வில்லன் என்று தனியாக ஒருவர் வேண்டியதில்லை.

இனி, கொழும்பில் எழுதுகிறீர்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை. ஓர் இனத்து விலங்கை ஒரு சமூகத்துக்கு ஒப்பாக வைக்காதீர்கள். காகமெல்லாம் தமிழர், நாயெல்லாம் சிங்களவர், பூனையெல்லாம் முஸ்லிம் என்று ஒரு வாசகர் பிரித்துவிட்டால் பிறகு பூனைக்கு வரும் ஒவ்வொரு பசியும் ஒரு குற்றச்சாட்டாகிவிடும். அதோடு, விலங்குகளுக்கிடையிலான பகை பிறவிக் குணம்; மனிதருக்கிடையில் அப்படி எதுவும் இல்லை. அந்த ஒப்புமை நம்மைப் பற்றிப் பொய் சொல்லும். சிங்கமும் புலியும் பக்கத்திலேயே வரவேண்டாம். மிருகக்காட்சிச்சாலை, சஃபாரிப் பூங்கா போன்ற இடங்களை விட்டால் இரண்டுமே இந்த நாட்டில் இல்லை, காட்டில் இருப்பது சிறுத்தை. ஒன்று கொடியில் இருக்கிறது, மற்றது இன்னொரு கொடியில் இருந்தது. அதற்கு மேல் யாரும் உங்கள் கதையை வாசிக்கமாட்டார்கள். பெரிய பூனை கட்டாயம் வேண்டுமென்றால் மீன்பிடிப் பூனை இருக்கிறது. 2018-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் கீழ் ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தச் சதுப்புகளில் அது இன்னும் வாழ்கிறது. சிங்களத்தில் அதன் பெயர் 'ஹந்துன் திவியா'. திவியா என்றால் சிறுத்தை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அது வெள்ளவத்தைப் பூனையிடம் எவ்வளவு பெருமை அடிக்கும்!

மொழிக்கும் வயிறுதான் வழி. யார் வீட்டுத் தட்டில் சாப்பிடுகிறாரோ அந்த வீட்டு மொழியைப் பேசட்டும். வெள்ளவத்தைக் காகத்துக்கு மதிய வேளையில் மதிலில் சோறு வைத்துக் கூப்பிடுகிறார்கள், அதனால் அதற்குத் தமிழ் வரும். (முன்னோர் என்று நினைத்து வைக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. வரி கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.) விகாரை வளவில் வளர்ந்த காகம் சிங்களம் பேசும். புறக்கோட்டைப் பூனைக்கு மூன்று மொழியும் அரைகுறையாக வரும். இப்படி வைத்தால் ஒரே இனத்துக்குள்ளேயே கலப்பு வந்துவிடும், மேலே சொன்ன சிக்கலும் பாதி தீரும்.

முறை சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் கவனித்து எழுதுங்கள். எலிப்பிள்ளை பூனையை 'அன்ரி' என்று கூப்பிட்டால் அது வெறும் மரியாதை. 'மாமி' என்றால் நெருக்கம். நாய் எல்லோரையும் 'மச்சான்' என்று கூப்பிடும். கொழும்பில் அந்தச் சொல் எந்த வாசலுக்குள்ளும் நுழையும். கபரகொய்யாவை எல்லோரும் 'ஐயா' என்பார்கள், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

மூன்றாம் அத்தியாயத்தை இப்படித் திரும்பத் தொடங்கிப் பாருங்கள். வைகாசி மாதம், தென்மேற்குப் பருவக் காற்று, கடல் கொந்தளிப்பு, படகுகள் போகவில்லை. இரண்டு நாளாகக் கூடை வரவில்லை. பூனை படிக்கட்டில் சுருண்டு கிடக்கிறது. எலி தன் வீட்டு வாசலில் நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, பக்கத்துக் கதவைத் தட்டுகிறது. அதற்கு மேல் உங்கள் மகள் எழுதட்டும்.