வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டுத் தடுப்புக் காவலில் நம்மவர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த நான்கை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கே: என் அண்ணன் மகன் மலேசியாவில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனவன். பெர்மிட் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. ரெய்டில் பிடித்துவிட்டார்கள் என்று கூட வேலை பார்த்த பையன் போன் செய்தான். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. ஒன்றரை லட்சம் கொடுத்தால் வெளியே எடுத்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

ப: கொடுக்காதீர்கள், அம்மா. அந்த நாட்டுச் சட்டத்தில் இதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. பிடிபட்ட வெளிநாட்டவரை 14 நாள் வரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் வைத்திருக்க முடியும். அதன் பிறகு வழக்கு வரலாம், வழக்கில்லாமல் ஊருக்குத் திருப்பி அனுப்புவதும் உண்டு. பாஸ் (தங்குவதற்கான அனுமதி) முடிந்தும் தங்கியிருந்தால் குடிநுழைவுச் சட்டம் 15(1)(சி) பிரிவு, பாஸே இல்லாமல் நுழைந்திருந்தால் 6(1)(சி). இரண்டிலும் அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டுமே. அபராதம் 6-வது பிரிவில் 10,000 ரிங்கிட் வரை, 15-வது பிரிவில் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல். 6-வது பிரிவில் பிரம்படியும் சேரும். ஆகவே பையன் எந்தப் பாஸில் போனான் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

தண்டனை முடிந்த பிறகும் பலர் தடுப்பு முகாமிலேயே மாதக்கணக்கில் கிடப்பது இரண்டு காகிதங்களுக்காக: பயண ஆவணம், விமான டிக்கெட். இரண்டையும் தேவகோட்டையில் இருந்தபடியே விரைவுபடுத்தலாம்.

பாஸ்போர்ட் பெரும்பாலும் முதலாளியிடம் இருக்கும், அல்லது தொலைந்திருக்கும். அப்போது கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகம் 'எமர்ஜென்சி சர்டிபிகேட்' தரும். ஊர் திரும்ப ஒரே ஒரு தடவை பயன்படும் தாள் அது. அதைத் தருவதற்கு முன் இவர் இந்தியர்தானா என்று சரிபார்ப்பார்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்க, கடைசிப் பக்க நகல் கையில் இருந்தால் இந்த வேலை சீக்கிரம் முடியும். கடைசிப் பக்கத்தில் ஃபைல் நம்பர் இருக்கிறது. நகல் இல்லையென்றால் பையனின் பழைய வாட்ஸ்அப் படங்கள், போகும்போது எடுத்த டிக்கெட், ஏஜென்ட் வைத்திருக்கும் விசா தாள் இவற்றில் தேடுங்கள். ஏஜென்டிடம் கேட்க வேண்டியது அதுதான்.

சறுக்குவது எங்கே என்றால், பெயரில். நமக்கு இனிஷியல்தான் பழக்கம். பாஸ்போர்ட்டில் 'கருப்பையா' குடும்பப் பெயராகவும் 'முருகன்' சொந்தப் பெயராகவும் ஏறியிருக்கும். பிடித்த இடத்தில் வாயால் சொன்னதைக் கேட்டு 'முருகன்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். தூதரகம் 'கருப்பையா முருகன்' என்று விசாரித்தால் "அப்படி யாரும் இல்லை" என்று பதில் வரும். எங்கே கேட்டாலும் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். இன்னொன்று, முகவரி. பாஸ்போர்ட்டில் பழைய வீட்டு விலாசம் இருந்து, இந்தச் சரிபார்ப்புக்காக விசாரிக்க வந்த உள்ளூர் போலீஸ்காரர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள், ஸ்டேஷனிலும் இப்போதைய விலாசத்தை எழுதிக் கொடுங்கள்.

வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் இன்றே புகார் பதியுங்கள். பதிவு எண் கிடைக்கும், அதை வைத்துத்தான் பிறகு யாரையும் கேட்க முடியும். சென்னையில் உள்ள வெளிநாடு வாழ் தமிழர் நல ஆணையரகத்துக்கும் ஒரு மனு போடுங்கள். டிக்கெட்டுக்கு வழியே இல்லையென்றால் தூதரகத்தின் இந்திய சமூக நல நிதியிலிருந்து தரச் சொல்லி எழுதிக் கேட்கலாம். சொந்தப் பணத்தில் எடுப்பதானால், முகாம் தேதி சொல்லுமுன் எடுக்காதீர்கள். டிக்கெட்டில் உள்ள பெயர் எமர்ஜென்சி சர்டிபிகேட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். திருச்சிக்கு நேர் விமானம் இருக்கும்போது, நடுவில் இறங்கி ஏறும் டிக்கெட் எடுத்துப் புதுச் சிக்கலை வாங்க வேண்டாம்.

பையன் எப்படியாவது போன் பேசினால் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: "இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்" என்று அவனே கேட்க வேண்டும். 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

அங்குள்ள தமிழ்த் தொண்டர்கள் யாராவது உதவ முன்வந்தால் நல்லது. ஆனால் "உள்ளே போய்ப் பார்த்து வாருங்கள்" என்று நெருக்காதீர்கள். ஐ.நா. அகதிகள் அமைப்பையே 2019 ஆகஸ்ட் முதல் அந்த முகாம்களுக்குள் விடவில்லை. எந்த முகாம் என்று கண்டுபிடிப்பது, முதலாளியிடமிருந்து பாஸ்போர்ட்டையும் சம்பளப் பாக்கியையும் கேட்பது, தூதரகக் கவுண்டரில் போய் நிற்பது இதெல்லாம் அவர்களால் முடியும். முன்பு நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன ஊர்களில் புதிதாக வந்தவருக்குத் தங்க இடமாகக் கிட்டங்கி இருந்தது. இன்று சாப்பாட்டுக் கடைக்குப் போகிற பையனுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. அந்தக் குறையில் ஒரு பங்கைத்தான் இவர்கள் தீர்க்கிறார்கள்.

கே: லண்டனில் இருக்கும் என் மகளைத் தடுப்பு மையத்தில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும் குழு ஒன்றில் சேரச் சொல்கிறார்களாம். தமிழ் தெரிந்தவர் தேவையாம். போகலாமா? என்ன செய்ய வேண்டியிருக்கும்?
– வாசகர், கோட்டையூர்

ப: தாராளமாகப் போகட்டும். கேட்விக் பக்கம் புரூக் ஹவுஸ், ஹீத்ரோ பக்கம் ஹார்மண்ட்ஸ்வொர்த், பெட்ஃபோர்ட்ஷயரில் யார்ல்ஸ் வுட் என்று இத்தகைய மையங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் குடியேற்றக் காவலுக்குக் கால வரம்பு கிடையாது. உள்ளே இருப்பவரை அரிப்பது அதுதான். சிறைக் கைதிக்கு விடுதலைத் தேதி தெரியும், இவருக்குத் தெரியாது. அதனால் குழுக்கள் தொண்டரிடம் முதலில் கேட்பது ஒழுங்காக வர முடியுமா என்பதைத்தான். வாரம் ஒரு தடவை வருகிறேன் என்றால் வர வேண்டும். இரண்டு வாரம் போய்விட்டு நிற்பதற்குப் போகாமலே இருக்கலாம்.

நடைமுறை எளிது. முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும், அடையாள அட்டை வேண்டும், சோதனை உண்டு, போன் லாக்கரில் போகும். வீட்டில் செய்த மாவுருண்டையும் கைமுறுக்கும் உள்ளே போகாது. உடுப்பு, புத்தகம் போன்றவற்றை அந்த மையத்தின் விதி பார்த்து வரவேற்பில் கொடுக்கலாம். உள்ளே கேமரா இல்லாத சாதாரண போன்தான் அனுமதி, ஆகவே போன் கார்டு டாப்-அப் பெரிய உதவி. உள்ளே வேலை பார்த்தால் மணிக்கு 1 பவுண்டுதான் கிடைக்கும் என்பதை நினைத்தால் அதன் அருமை புரியும்.

பேச்சு? வழக்கைப் பற்றி அவராகச் சொன்னால் கேட்கட்டும், மகள் கிளற வேண்டாம். "எப்படிப் பிடிபட்டீர்கள்?" என்பது அதிகாரி கேட்கிற கேள்வி. கிரிக்கெட், சமையல், பிள்ளைகளின் படிப்பு போதும். "எப்படியும் விட்டுவிடுவார்கள்" என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லக் கூடாது.

சட்ட ஆலோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். பதிவு பெறாதவர் குடியேற்ற ஆலோசனை சொல்வது அங்கே குற்றம். "இந்தப் படிவத்தில் இப்படி எழுதுங்கள்" என்பதே எல்லை மீறல்தான். ஆனால் வழி காட்டலாம்: மையத்திலேயே 30 நிமிட இலவச வக்கீல் ஆலோசனைக்குப் பெயர் கொடுக்கச் சொல்லலாம். சித்திரவதைக்கு ஆளானவர் என்றால் மைய மருத்துவரிடம் அதைப் பதிவு செய்யும் 'ரூல் 35' அறிக்கை (தடுப்பு மைய விதிகளின் 35-வது விதிப்படி தருவது) கேட்கலாம் என்று தெரிவிக்கலாம். வக்கீலோடு பேசும்போது மொழிபெயர்ப்பாளராக உட்கார வேண்டாம். ஒரு தேதி தவறினால் "முன்னுக்குப் பின் முரண்" என்று வழக்கே அடிபடும். யாழ்ப்பாணத்துப் பேச்சும் காரைக்குடிப் பேச்சும் ஒன்றில்லை என்பதையும் மகள் நினைவில் வைக்கட்டும்.

யாரைப் பார்த்தோம், அவர் எந்த ஊர் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. நீங்களும் கேட்காதீர்கள், ஐயா. இங்கே காரைக்குடி கொப்புடையம்மன் கோயில் வாசலில் சொன்ன சேதி மறுநாள் அவர் மாமியார் வீட்டுக்குப் போய்விடும்.

கே: சட்டத்தை மீறிப் போனவர்களுக்கு எதற்கு இவ்வளவு?
– வாசகர், புதுவயல்

ப: பிரிட்டனில் இந்தக் காவலில் இருப்பவர் பலருக்கு எந்த நீதிபதியும் தண்டனை விதிக்கவில்லை. அது அதிகாரிகளே வைக்கும் நிர்வாகக் காவல். தண்டனை பெற்றவரைக்கூட நாம் பார்க்கப் போகிறோமே. 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் கப்பலில் வந்து இறங்கியவர்களை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கே: திருச்சி சிறப்பு முகாமில் இருப்பவர்களுக்கு இங்கிருந்து ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

ப: இலங்கைத் தமிழர் உள்ளிட்ட வெளிநாட்டவரை வைத்திருக்கும் அந்த முகாம் திருச்சி மத்திய சிறை வளாகத்தில் இருந்தாலும் சிறை அல்ல. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி மாவட்ட நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும், எழுத்து மூலமாகக் கேளுங்கள். வக்கீல் இல்லாதவர் யாராவது உங்களுக்குத் தெரிய வந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு தபால் எழுதுங்கள், அல்லது 15100 எண்ணுக்கு அழையுங்கள். மாத்திரையாக எதையும் அனுப்பாதீர்கள். குடும்பத்தார் கேட்டால், மருந்தின் மூலப்பெயரும் அளவும் எழுதிய டாக்டர் சீட்டின் நகலை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.